உதிரி விற்பனை

சுகாதார ஆய்வாளர் தன் மகளின் பேனா டப்பாவைப் பெட்டிக்கடைப் பலகையில் கவிழ்த்தார். சிகரெட்டுகள் உருண்டன.

"காலேஜ் போற பொண்ணுக்கு உதிரி சிகரெட் விக்கிறியே, நீயெல்லாம் மனுஷனா?"

"உதிரியா வித்தேன்னுதான் போன மாசம் அபராத ரசீது கிழிச்சீங்களே சார்! அன்னையிலேர்ந்து முழு பாக்கெட்தான்" என்றார் கடைக்காரர்.

"புளுகாதே! இப்ப ஏறியிருக்கிற விலைக்கு முழு பாக்கெட் வாங்கப் பசங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதுக்குத்தானே உதிரியை நிறுத்தினோம்!"

"அதான் ஒரு பய இந்தப் பக்கம் வர்றதில்லை. உங்க பொண்ணு மட்டும்தான் வருது."

ஆய்வாளர் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வந்தாள் மகள். "அவரை விடுங்கப்பா!"

"வெக்கமா இல்ல? எப்பலேர்ந்து பிடிக்கிறே?"

"சீ, அந்தக் கருமத்தை எவ பிடிப்பா?" சிதறிய சிகரெட்டுகளைப் பொறுக்கி டப்பாவில் அடுக்கினாள். "பாக்கெட்டைப் பிரிச்சு கிளாஸ்ல ஒண்ணொண்ணா விக்கிறேன். கடையில நீங்க நிறுத்தினதுலேர்ந்து எனக்குத்தான் நல்ல ஓட்டம்."

ஆய்வாளரின் பிடி தளர்ந்தது.

கடைக்காரர் கசங்கிய சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"ரசீதுப் புத்தகம் கையிலதானே இருக்கு சார்? எழுதுங்க."