டோக்கியோ சம்பந்தி

"இன்னிக்கு ஒரு ஜோக் அடிச்சீங்க, நேரா எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

"உங்கம்மாதான் நாலு வருஷமா நம்ம வீட்டுல இருக்காங்களே, கினுவே!"

"இதான்! இந்த வாயைத்தான் சொல்றேன்!"

ஓட்டல் வாசலில் வைத்துக் கணவர் தோகிச்சியின் டையை இறுக்கினாள் கினுவே. கழுத்தையும் சேர்த்து.

கோபத்தில் நியாயம் இருந்தது. மகன் ரியோஹெய்க்கு இது இரண்டாவது சம்பந்தம். முதல் தடவை, "உங்க குடும்பத்துல பரம்பரை வியாதி ஏதாவது உண்டா?" என்று கேட்ட பெண்ணின் அப்பாவிடம், "பொண்டாட்டிக்குப் பயப்படுறதுதான்" என்றார் இந்த மனுஷர். இவர்களைப் போல ஒசாகாக்காரனாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அவர்கள் டோக்கியோ. மறுநாளே கல்யாணம் நின்றது.

இந்தப் பெண்ணும் டோக்கியோ. அப்பா குராமோச்சி, வங்கி அதிகாரி. கேட்க வேண்டுமா?

உள்ளே தாழ்வான மேஜைக்கு இருபுறமும் இரு குடும்பங்களும் எதிரெதிரே மண்டியிட்டு உட்கார்ந்தன. மழையைப் பற்றிப் பேசினார்கள். ரயில் நேரத்துக்கு வந்ததைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் பேச ஒன்றுமில்லை.

முழுசாகச் சுட்ட மீன் வந்தது. வாயைப் பிளந்தபடி தோகிச்சியையே பார்த்தது. அவர் உதடு துடித்தது. மேஜைக்கடியில் தொடையில் ஒரு கிள்ளு. துடிப்பு அடங்கியது.

குராமோச்சியின் முகமோ நேரம் ஆக ஆகச் சுருங்கிக்கொண்டே போனது.

சிரிக்கவே தெரியாத ஜென்மம், நல்லவேளை இவர் வாயைக் கட்டினேன் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள் கினுவே.

விடைபெறும்போது குராமோச்சி இடுப்பு வளையக் குனிந்தார்.

"எங்களை உங்களுக்குப் பிடிக்கலைன்னு புரியுதுங்க. பரவாயில்லை."

"ஐயையோ! யார் சொன்னா?"

"ஒசாகாவுல பிடிச்சவங்ககிட்டதான் விளையாடுவாங்கன்னு பொண்ணு சொன்னா. விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டி 'டுமீல்'னா, நாம செத்து விழணுமாம். ஒரு மாசமா கூடத்துல விழுந்து பழகினேன். இடுப்பு பூரா பிளாஸ்திரி." அவர் இடுப்பைத் தடவிக்கொண்டார். "ரெண்டு மணி நேரமா காத்துக்கிட்டிருக்கேன். ஒருத்தர்கூட என்னைச் சுடலை."

தோகிச்சி பாவமாக மனைவியைப் பார்த்தார், அனுமதி கேட்டு.

கினுவே கைப்பையை அவர் கையில் திணித்தாள். ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்தாள்.

"டுமீல்!"

வங்கி அதிகாரி நெஞ்சைப் பிடித்தார். இரண்டு சுற்றுச் சுற்றினார். சுவரில் சாய்ந்து, வழுக்கி, செருப்புகளுக்கு நடுவே கால் பரப்பி விழுந்து, கடைசியாக ஒரு தடவை துடித்தார்.

அவர் மனைவி கண்ணைத் துடைத்தபடி கினுவேயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி, சம்பந்தியம்மா! வீட்டுல ஒரு நாளும் இவர் இவ்வளவு சந்தோஷமாச் செத்ததே இல்லை."