அரிசி டிரம்முக்குப் பின்னால்

புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தும், முப்பத்தாறு வயதில்தான் முதல்முறையாக பிராந்திக் கடை வாசலில் நின்றான் அன்பழகன்.

"குவார்ட்டரா, ஆஃபா சார்?"

"பெருசா ஒண்ணு குடுங்க. பார்த்தா பளிச்சுன்னு தெரியணும்."

கடைக்காரர் அவனை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு முழு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

ஆறு வயது கார்குழலி அப்பா அன்பழகனிடம் வளர்வதா, பிரிந்துபோன அம்மா துர்காவிடம் வளர்வதா என்று வழக்கு. இரண்டு வீட்டையும் பார்த்து அறிக்கை தர, ஸ்டெல்லாமேரி என்ற கவுன்சிலரைக் கோர்ட் நியமித்திருந்தது. யார் பக்கமும் சாயாத மனுஷி. போகிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார் என்று பேர். அவரிடம் சிபாரிசெல்லாம் எடுபடாது.

"குடி இருக்கற வீட்டுக்கு எந்த ஜட்ஜும் கொழந்தையக் குடுக்கமாட்டாரு," என்று வக்கீல் புருஷோத்தமன் பேச்சுவாக்கில் சொன்னது அன்பழகன் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. மகள் எங்கே இருந்தால் நன்றாக இருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். கோர்ட்டுக்கும் தெரிய வேண்டுமே!

அன்று நெல்லித்தோப்பு வீட்டுக்குக் கவுன்சிலர் வருகிற நாள். முன்னறையில் வீட்டுப் பெரியவர் டிவியைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்பழகன் பின்வாசல் வழியாகப் பூனைபோல் நுழைந்து, சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பின்னால், கழுத்து மட்டும் தெரிகிற மாதிரி பாட்டிலை வைத்தான். ஒன்றும் தெரியாதவன்போல் தட்டாஞ்சாவடிப் பட்டறைக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டான். மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் பெற்ற மகள் விஷயத்தில் பாவ புண்ணியம் பார்த்தால் ஆகுமா?

மறுவாரம் கோர்ட்டில் ஸ்டெல்லாமேரி அவனைத் தனியே கூப்பிட்டார்.

"டிரம்முக்குப் பின்னால பாட்டில வச்சது நீங்கதான?"

அன்பழகன் முகம் வெளுத்துவிட்டது.

"குடிக்கறவங்க இருக்கற வீட்டுல சீல் உடைக்காத பாட்டில் தூங்குமா சார்? அதப் பத்தி நான் ஒரு வரிகூட எழுதல. பாப்பாகிட்ட உக்காந்து பேசினேன். அம்மாகிட்டயே இருக்கட்டும்னு எழுதிட்டேன்."

அன்பழகன் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"எதுக்கு சார் உங்களுக்கு இந்தத் திருட்டு வேல?"

"எங்கப்பாதான் கௌரவத்துக்காக எம்பேர்ல கேஸ் போட வச்சாரு மேடம், அவர எதுத்துப் பேச எனக்குத் தைரியம் இல்ல," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான் அன்பழகன், "அதான் எங்க வீட்டுலயே கொண்டாந்து வச்சேன்."