சத்தம் வராத கேமரா

"படம் எடுக்கும்போது துளி சத்தம் வரக் கூடாது. அந்த மாதிரி கேமரா இருந்தா காட்டுங்கம்மா."

விற்பனைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கேட்டவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, ஒட்ட வெட்டிய நகம். பார்க்கச் சாதுவாகத்தான் இருந்தார்.

"இதுக்கு முன்னாடி கேமரா வெச்சிருந்தீங்களா சார்?"

"இல்லம்மா, இதுதான் முதல். லென்ஸைக் கழட்டி மாட்டுற மாதிரி வேணும். அதுலதான் வெளிச்சம் கம்மியா இருந்தாலும் நல்லா விழும்னு சொன்னாங்க."

"ஃபிளாஷ் போட்டா எதுலயும் நல்லா விழும்."

"ஐயோ, ஃபிளாஷே ஆகாது. தூங்கும்போது எடுக்கணும். முழிச்சிடக் கூடாது."

ஷோகேஸைத் திறக்கப்போன அவள் கை அப்படியே நின்றது.

"போன்லயே எடுக்கலாமே?"

"அங்கே போனை உள்ளே விட மாட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு எடுத்தா, உள்ளே இருக்கிறது தெளிவா வருமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. போன மாதம்தான், பஸ்ஸில் அசந்து தூங்கிய அவள் தங்கையை எவனோ படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டான். தங்கை இன்னும் வேலைக்குப் போகவில்லை. வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை.

இந்த ஆளுக்கு என் கையால் கேமரா கிடையாது. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள்.

கடையில் இருப்பதிலேயே பெரிய, பழைய மாடலை எடுத்து முன்னால் வைத்தாள். அவர் தயங்கித் தயங்கிப் பொத்தானை அழுத்தினார். 'டபக்'கென்ற சத்தம் கடைக்கோடி வரை கேட்டது.

"இது வேண்டாம்மா. தூக்கிவாரிப் போட்டுடும்."

"புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதுதான் சார் தோது. வேற ஸ்டாக் இல்லை."

ஷோகேஸில் பத்துப் பன்னிரண்டு கேமராக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். படியிறங்கினார்.

விட்டது தொல்லை என்று நினைத்தாள்.

மறுநாள் கடை திறக்கும்போதே வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் நான்காக மடித்த தாள்.

"நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டேன்மா. மிரர்லெஸ்னு ஒரு வகை கேமரா இருக்காமே, அதுல சத்தத்தை அடியோட நிறுத்திடலாமாம். லென்ஸ் மட்டும் வாய் அகலமானதா தனியா வாங்கணுமாம். சரிதானே?"

சரிதான். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"அந்த லென்ஸ்ல ஒரு இடம் தெளிவா இருந்தா, சுத்தி இருக்கிறதெல்லாம் மங்கிடும்."

"முகம் தெரிஞ்சா போதும்மா."

"சத்தத்தை நிறுத்தினா, டியூப்லைட் வெளிச்சத்துல படம் முழுக்கக் கோடு கோடா விழும்."

அவர் பேனாவை எடுத்துத் தாளில் குறித்துக்கொண்டார். "அப்படி விழாம இருக்க என்ன செய்யணும்?"

"கேமரா வாங்காம இருக்கணும்."

அவர் கோபப்படவில்லை.

"வாங்காம போக மாட்டேன்மா. இதுக்கு அனுமதி வாங்க ஆறு மாசம் அலைஞ்சிருக்கேன்."

"அனுமதியா? தூங்குறவங்களைப் படம் எடுக்க யார் சார் உங்களுக்கு அனுமதி கொடுத்தாங்க?"

அவள் குரல் உயர்ந்ததில், உள்ளறையிலிருந்து முதலாளி எழுந்து வந்தார். "என்னம்மா, காலங்காத்தால கஸ்டமர்கிட்ட சண்டை?"

"இவர் கேட்கிறதை நீங்களே கேளுங்க சார். சத்தம் கூடாதாம், வெளிச்சம் கூடாதாம், தூங்குறவங்க முழிக்கக் கூடாதாம். அடையாள அட்டையைக் காட்டாம நான் பில் போட மாட்டேன். வேலையை விட்டுப் போன்னு சொன்னா போறேன்."

அப்போதுதான் கேமரா கேட்டு வந்தவருக்கு விஷயம் உறைத்தது. காது வரை சிவந்துவிட்டார். சட்டைப் பையைத் தடவி, கழுத்தில் மாட்டும் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

படத்தில் அவரேதான். கீழே இரண்டு வரி. 'நர்ஸ். குறைமாதக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு.'

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற பிள்ளைங்கம்மா. சின்னச் சத்தத்துக்கே மூச்சு தடுமாறிடும். ஆபரேஷன் ஆன அம்மாங்க வேற மாடியில அசைய முடியாம கிடப்பாங்க. படத்தையாவது கொண்டுபோய்க் காட்டலாம்னு..."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே அண்ணா?"

"அந்தப் பிள்ளைங்களைப் பத்தி வெளியில பேச மனசு வர்றதில்லம்மா."

அவள் சாவியைப் போட்டு ஷோகேஸைத் திறந்தாள். கைக்கு அடக்கமான ஒரு கறுப்பு கேமராவை எடுத்து, அதற்குப் பொருத்தமான லென்ஸை மாட்டினாள். சத்தத்தை நிறுத்தினாள்.

"ஃபோகஸ் ஆகும்போது முன்னாடி ஒரு சின்ன விளக்கு எரியும். அதையும் அணைச்சுட்டேன் அண்ணா. ஷட்டர் வேகத்தை ஐம்பதுலயே வைங்க, கோடு விழாது. லென்ஸைப் பெட்டியோட ஒட்டி வெச்சு எடுங்க, நம்ம உருவம் கண்ணாடியில தெரியாது."

அவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். பிறகு கடைக்குள்ளேயே ஒரு படம் எடுத்துப் பார்த்தார். எடுத்தது யாருக்கும் தெரியவில்லை. முதல் தடவையாகச் சிரித்தார்.

முதலாளிக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. அந்த அம்மாங்க ரெண்டு நாள்ல எழுந்து வந்து நேர்லயே பார்த்துடப் போறாங்க. அதுக்குள்ள படத்துக்கு என்ன அவ்வளவு அவசரம்?"

நர்ஸ் கேமராவின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"சில பிள்ளைங்க, அம்மா எழுந்து வர்ற வரைக்கும் இருக்கிறதில்லைங்க."