மூன்று நிமிஷக் கார்டு

“இருக்கறதிலேயே சின்ன கார்டு எதுங்க?” என்று கவிப்பிரியா மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

கடைக்காரர் சந்திரமோகனுக்கு வேடிக்கையாக இருந்தது. தருமபுரியில் பெரியாஸ்பத்திரிக்கு எதிரே பதினாலு வருஷமாக செல்போன் கடை வைத்திருக்கிறார். வெளிநாட்டுக்குப் பேச வருகிறவர்கள், அதே காசுக்கு ஒரு நிமிஷம் கூடுதலாக எந்தக் கார்டில் கிடைக்கும் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். குறைச்சலாகக் கேட்டு வந்த ஆளை அவர் இன்றுதான் பார்க்கிறார்.

இருபது நிமிஷக் கார்டு நல்ல மலிவு என்றார். வேண்டாம் என்றாள். பத்து நிமிஷம்? அதுவும் வேண்டாம். அபுதாபிக்கு மூன்று நிமிஷம் பேசினால் போதும்.

கஞ்சப் பிசினாறி என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

அவளுடைய மாமனார் காலை ஆறரை மணிக்கு இறந்துபோனார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நிற்கிறது. கொழுந்தன் மாதவராஜ் கையெழுத்துப் போட உள்ளே போயிருக்கிறான்.

மூத்த மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. அந்த மூத்த மகன்தான் அவள் புருஷன் வீரமணி.

அபுதாபியில் அவனுக்கு நாளை காலை ஒன்பது மணிக்குப் பெரிய வண்டி லைசென்ஸ் டெஸ்ட். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதும் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பாஸ்போர்ட்டும் அவர்களிடம்தான் இருக்கிறது. இப்போது சொன்னாலும் கொள்ளி வைக்க வந்து சேர முடியாது. ராத்திரி முழுக்க அழுதுவிட்டு, காலையில் வண்டியை எதிலாவது கொண்டுபோய் மோதுவான். டெஸ்ட் முடியட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவளும் மாதவராஜும் பேசி முடிவு செய்தார்கள்.

முடிவு செய்தது சுலபமாகத்தான் இருந்தது. வீரமணி காலையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டான். அவள் எடுக்கவில்லை. அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது. ‘ஒரு நிமிஷம் பேசு கவி’ என்று பதினொரு மணிக்கு எழுதியிருந்தான்.

பேசாமல் இருந்தால் சந்தேகம் வரும். அவன் கூப்பிட்டு இவள் எடுத்தால், பேச்சை முடிப்பது அவன் கையில். இவள் கார்டு போட்டுக் கூப்பிட்டால் கார்டே முடித்துவைக்கும். அவன் குரலைக் கேட்டபிறகு தானாகத் துண்டிக்க அவளுக்கு மனசு வராது. அவளால் மூன்று நிமிஷம் பொய் சொல்ல முடியும். நாலாவது நிமிஷம் உடைந்துவிடுவாள், அது அவளுக்கே தெரியும்.

எப்போது பேசினாலும் ‘அப்பாகிட்ட குடு’ என்பான். ‘தூங்கறாருங்க’ என்று சொல்லிவிட வேண்டும். குரல் நடுங்காமல் வருகிறதா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தாள்.

சந்திரமோகன் மூன்று நிமிஷத்துக்கான காசை வாங்கிக்கொண்டு, அவள் போனில் கார்டு நம்பரையும் அபுதாபி நம்பரையும் தட்டி, அந்தப் பக்கம் மணி அடித்ததும் அவளிடம் நீட்டினார்.

சாப்பிட்டாயா என்று கேட்டான் வீரமணி, எடுத்த எடுப்பில்.

சாப்பிட்டேன் என்றாள். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

மழை உண்டா என்றான். ஊர்ப்பக்கம் காரிமங்கலத்தில் நேற்று தூறல் என்றாள். தக்காளி என்ன ஆச்சு என்றான். விலை இல்லை, செடியிலேயே விட்டாச்சு என்றாள். பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு போனது. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன் என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். எதற்குப் போனாய் என்று அவன் கேட்கவில்லை. குரல் ஏன் கம்மியிருக்கிறது என்று இவள்தான் கேட்டாள். ஏசியில் படுத்ததில் சளி பிடித்துவிட்டது என்றான்.

மாதவராஜ் கூட இருக்கிறானா என்றான். இருக்கிறான். நேரத்துக்குச் சாப்பிடு என்றான்.

போனை இறக்கிப் பேசிய நேரத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிஷம் ஐம்பது விநாடி. தப்பித்தோம் என்று நினைத்தாள்.

மூன்று ஆனது. துண்டிக்கவில்லை.

மூன்று பத்து. பதறிப்போய் சந்திரமோகனைத் திரும்பிப் பார்த்தாள்.

“பேசும்மா, பேசு. இருபது நிமிசத்துதே போட்டு வுட்டேன். காசு நீ குடுத்தது போதும்” என்றார் அவர். அவள் கையில் கசங்கியிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை அவர் எப்போதோ பார்த்திருக்கிறார்.

நல்ல மனுஷன். அந்த நேரத்தில் அவர் கழுத்தை நெரிக்கலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அவள் சொல்லிவைத்திருந்த பொய்யெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. மாட்டைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள், பாதியில் நின்றது. இப்போது கேட்பான், இதோ கேட்கப்போகிறான் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அவன் கேட்கவில்லை. மூன்றரை நிமிஷமாக அவன் அப்பாவைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“ஏங்க...” என்றாள்.

“காலையிலயே ஊர்ல ஸ்டேட்டஸ் போட்டுட்டாங்க கவி. நீ அழுவாம பேசிட்டிருந்த, அதான் நானும் ஒண்ணும் கேக்கல” என்றான் வீரமணி. “எத்தன மணிக்கு எடுக்கறீங்க?”