எதிர்க்கடை

"எதிர்ல ஒரு செருப்புக் கடை இருந்துச்சே, எங்கேம்மா?"

"மூடிட்டாங்க" என்றாள் பைக்கடை அக்கா, தலையை நிமிர்த்தாமலே.

"அடடா, நல்ல மனுஷன்! எங்க போனாருன்னு தெரியுமா?"

"தெரியாது சார்."

வந்தவர் உச்சுக் கொட்டிவிட்டு இறங்கிப் போனார். அக்கா ஒரு புதுப் பைக்குள் கசக்கிய காகிதத்தைத் திணித்து நிமிர்த்தி வைத்தாள். உள்ளே காகிதம் இல்லாவிட்டால் எந்தப் பையும் அலமாரியில் நிற்காது, தொய்ந்துவிடும்.

எங்கே போனான் என்று அவளுக்கா தெரியாது? பைபாஸ் ரோட்டில் புதிதாகக் கட்டிய மாலுக்குத்தான் போயிருந்தான்.

ஒரு காலத்தில் இந்த மாலில் லிஃப்டுக்கு வரிசை நிற்கும். மேலே தியேட்டரில் படம் விட்டால் இரண்டாவது மாடியில் நடக்க இடம் இருக்காது. புது மால் திறந்ததும் முதலில் தியேட்டர் போனது. பின்னாலேயே துணிக்கடை, பொம்மைக்கடை என்று ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஏசி நின்றது. எஸ்கலேட்டரும் நின்று வெறும் படிக்கட்டாகிவிட்டது.

கடைசியில் அந்த மாடியில் மிஞ்சியது இவள் கடையும் எதிர்க்கடையும்தான். இவள் சாப்பிடப் போனால் அவன் பார்த்துக்கொள்வான். அவன் போனால் இவள் செருப்புக்கு அளவுகூட எடுத்துக் கொடுப்பாள். கூடப் பிறந்தவன்கூட அவளை அப்படி வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டதில்லை.

"இருந்தா ரெண்டு பேருமா இருப்போம்க்கா" என்று சொன்னவன், ஒரு நாள் மூட்டை கட்டிவிட்டான்.

"பசங்க படிப்பு இருக்குக்கா. தப்பா நினைக்காதீங்க."

"என்னை நட்டாத்துல விட்டுட்டுப் போற. போ! இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காத."

போகும்போது ஷட்டரில் புது விலாசத்தைக் கொட்டை எழுத்தில் ஒட்டிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் அதைக் காணோம்.

"காத்துல பறந்திருக்கும்" என்றாள் அக்கா.

"அடைச்சுக் கிடக்கிற மாலுக்குள்ள காத்து ஏதும்மா?" என்று வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்.

அலமாரியில் ஒரு நீலப் பை மட்டும் அன்றைக்கு மிகவும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

அவன் போனதும் வியாபாரம் படுத்துவிடும், தானும் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று அவள் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு கதி இல்லை. ஆனால் வியாபாரம் படுக்கவில்லை. தினமும் யாராவது ஓடாத எஸ்கலேட்டரில் மூச்சிரைக்க ஏறி வந்து, "பை பாக்கணும்" என்று நின்றார்கள். எல்லாம் முன்பின் பார்க்காத முகங்கள்.

"பாத்தீங்களா? ஓடினவன் ஓடட்டும். நிலைச்சு நின்னவளைக் கடவுள் கைவிடலை."

"கடவுளுக்கு முட்டிவலி இல்ல போல. கரெக்டா மாடி ஏறி வந்துடறாரு" என்றார் வாட்ச்மேன்.

இன்றைக்கும் மத்தியானம் ஒரு பெண் ஏறி வந்தாள். பேரம் பேசவில்லை. நீலப் பையைக் கை காட்டினாள்.

"இது போதும்க்கா. உங்க பை நல்லா உழைக்கும்னு அவர் சொன்னாரு."

"எவரு?"

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. சரி, இனிமே சொன்னா என்ன? புது மால்ல செருப்புக்கடை வெச்சிருந்தாரே, அவர்தான். அவருக்குப் பக்கத்துக் கடையே பைக்கடைதான். ஆனா யாராவது பை எங்க கிடைக்கும்னு கேட்டா, 'பழைய மாலுக்குப் போங்க, ரெண்டாவது மாடி, எங்க அக்கா கடை. எஸ்கலேட்டர் ஓடாது, சிரமம் பாக்காம ஏறிடுங்க'ன்னு அனுப்பி வைப்பாரு. 'என்னைப் பத்திப் பேசிடாதீங்க, அந்தக் கோபத்துல பையையே விக்க மாட்டாங்க'ன்னு சிரிப்பாரு."

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள்.

"வெச்சிருந்தாருன்னா?"

"நேத்தோட கடையை எடுத்துட்டாரேக்கா, தெரியாதா? ஈ காக்கா இல்ல, பாவம். 'என்னோட பழைய ஆளுங்க வந்தாலே போதும், ஓட்டிடலாம்னு நினைச்சேன். ஷட்டர்லயே விலாசம் ஒட்டிட்டு வந்தேன், ஒருத்தர்கூட என்னைத் தேடி வரலையே'ன்னு சொல்லிச் சொல்லிப் புலம்பினாரு."

பையைக் கொடுக்கும் முன் காகிதத்தை எடுக்க வேண்டும். அக்கா அந்தப் பெண்ணுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு உள்ளே கையை விட்டாள். கொட்டை எழுத்தோடு கசங்கிய காகிதம் வெளியே வந்ததும் பை தொய்ந்து சரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவும் வெட்கமாக இருந்தது.

அந்தப் பெண் இறங்கிப் போக, எதிரே ஒரு பெரியவர் கைப்பிடியைப் பிடித்தபடி மெல்ல மேலே வந்தார். எதிர்க்கடையில் வருஷக்கணக்காகச் செருப்பு வாங்கியவர். பூட்டிய ஷட்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, செருப்புக்கடைத் தம்பி எங்க?"

அக்கா கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"மூடிட்டாங்க" என்றாள்.

இத்தனை நாளில் இன்றைக்குத்தான் அது பொய்யில்லை.