டீ ஆறிப்போச்சு

"டீ ஆறிப்போச்சு. சூடா வர்ற வரைக்கும் ஒரு சட்டி கலவைகூட மேல ஏறாது!"

கலவை மெஷினுக்கு முன்னால் சட்டமாக உட்கார்ந்துவிட்டாள் பவுனம்மாள்.

அவளுக்கு வலதுகையாக இருக்கும் சிவராஜுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. மேல்தளத்துக்கு கான்கிரீட் போட எல்லாம் தயாராக இருக்கிறது. இந்த நேரத்தில் ஒரு டம்ளர் டீக்காக மறியலா? அதுவும் பவுனக்காவா?

க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம் எழும்பிக்கொண்டிருக்கும் இந்தப் பொதுச் சந்தைக் கட்டிடத்துக்கு வேலை ஒப்பந்தம் பேசி முடித்தவளே அவள்தான். தமிழர், பர்மியர், முஸ்லிம் என்று தனித்தனியாக முறைத்துக்கொண்டிருந்த கூலிக் கூட்டங்களை ஒரே பாயில் உட்காரவைத்துச் சங்கமாக்கினாள். ஆள் எடுப்பதென்றால் சங்கத்தின் வழியாகத்தான் எடுக்க வேண்டும். பதிலுக்கு, கட்டிடம் முடியும்வரை சங்கம் வேலையை நிறுத்தாது. குறை இருந்தால் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். மீறி நிறுத்துகிறவர் யாராக இருந்தாலும் அன்றைக்கே வெளியே.

அப்படிக் கையெழுத்துப் போட்டவள்தான் இப்போது புழுதியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"எந்திரிங்கக்கா. எல்லாரும் பாக்குறாங்க," என்றான் சிவராஜ்.

"பாக்கட்டும். சுடச்சுட டீ தரணும்னு ஒப்பந்தத்துல இருக்கா இல்லையா?"

"இருக்கு. அதுக்காக..."

"இன்ஜினீயர் சயாவைக் கூட்டிட்டு வா. மேல இருக்கிறவங்க, கீழ இருக்கிறவங்க, எல்லாரும் இங்க வரணும். ஒருத்தர் பாக்கியில்லாம வரணும்."

"மெஷினையாவது நிறுத்தட்டுமா?"

"அது பாட்டுக்கு ஓடட்டும்."

வேலையை நிறுத்துகிறாளாம், மெஷின் ஓட வேண்டுமாம்! சிவராஜ் தலையைச் சொறிந்துகொண்டே போனான்.

இன்ஜினீயர் ஊ மியிண் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"டோ பவுன், என்ன கூத்து இது?" என்று பர்மியில் கத்தினார். "இப்ப ஆரம்பிக்கலேன்னா ஒப்பந்தமே கிடையாது. ஷ்வேப்யிதாவிலிருந்து வேற ஆளுங்களைக் கொண்டாந்து இறக்கிடுவேன்!"

"டீ வரட்டும், சயா."

ஜல்லி சுமக்கும் ஸமீரா அழாத குறையாகக் கெஞ்சினாள். "எங்க பிழைப்புல மண்ணைப் போடாதக்கா. பிள்ளைகுட்டி இருக்கு."

"தலைவியானதும் தலைக்கனம் ஏறிடுச்சு," என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிவராஜுக்கும் அப்படித்தான் தோன்றியது.

புது டீ வந்தது. ஆவி பறந்தது. ஒரு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சீனி பத்தல."

சிவராஜுக்கு வந்த கோபத்தில் அந்த டம்ளரைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. சீனி வந்தது. கலக்கினாள், கலக்கினாள், கலக்கிக்கொண்டே இருந்தாள். ஊ மியிண் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

கடைசி ஆளாக, மேல்மூச்சு வாங்கிக்கொண்டு தச்சன் செல்வம் வந்து சேர்ந்தான்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றாள் பவுனம்மாள்.

"வந்தாச்சு," என்றான் செல்வம் மெதுவாக.

சீனி போட்ட டீயை அப்படியே ஸமீராவிடம் நீட்டினாள். பக்கத்தில் கிடந்த பழைய ஆறிய டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தாள்.

"இதுவே நல்லாத்தான் இருக்கு."

கூட்டம் வாயைப் பிளந்தது. பைத்தியம் பிடித்திருக்கிறது அவளுக்கு, அல்லது எல்லாருக்கும்.

ஊ மியிண் நேராக விஷயத்துக்கு வந்தார். "வேலையை நிறுத்தினவங்க வெளியே போகணும். இல்லேன்னா ஒப்பந்தம் முறிஞ்சதா அர்த்தம். சங்கம் என்ன சொல்லுது?"

அவளை வெளியே அனுப்பலாம் என்று முதலில் கை தூக்கியவன் சிவராஜ்தான். பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது. புதுத் தலைவனாக அவனையே எல்லாரும் கைகாட்டினார்கள்.

பவுனம்மாள் தலைத்துண்டை உதறினாள், தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டாள், நடந்தாள். செல்வம் மட்டும் தரையைப் பார்த்தபடி நின்றான்.

சிவராஜுக்கு மனசு கேட்கவில்லை. வாசல்வரை பின்னாலேயே ஓடினான்.

"ஏங்க்கா இப்படிப் பண்ணுனீங்க? ஒண்ணுமே புரியல. நீங்க கட்டின சங்கம்! இனிமே பொழப்புக்கு என்ன பண்ணுவீங்க?"

"போட்டாதாங் துறையில மூட்டை தூக்கினவதானேடா நான். அங்கயே போறேன்."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து சாயங்காலம் பொண்டாட்டிக்குப் பிரசவ வலின்னு சேதி வந்ததும், செல்வம் மேல்தளத்தைத் தாங்குற கடைசி வரிசை முட்டுக்கு ஆப்பு அடிக்காமலே ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டான். இன்னிக்கு வந்து என்கிட்ட சொல்லி அழுதான். கான்கிரீட் பாரம் ஏறியிருந்தா, மேல நிக்கிற அத்தனை பேரும் கீழ கிடந்திருப்பீங்க. சயா காதுல விழுந்தா, அவனை இனி எந்த அரசாங்க வேலையிலும் சேக்க மாட்டாங்க. பொம்பளைப் பிள்ளை பொறந்திருக்குதாம்."

சிவராஜுக்குத் தூக்கிய கை இப்போதுதான் வலித்தது.

"மெஷின் சத்தத்துல யாருக்கும் கேக்காம இப்ப ஆப்பு அடிச்சிட்டேன்னு கண்ணைக் காட்டினான். அதை நம்பிடாத. நீதானே தலைவரு, கீழ இறங்கி ஒவ்வொரு முட்டா தட்டிப் பாத்துட்டு, அப்புறமா கான்கிரீட்டைப் போடச் சொல்லு."