ஒட்டுப் போடாத திரை

கம்பியிலிருந்து உருவிக்கொண்டு வளையங்கள் ஒவ்வொன்றாய்ச் சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தம், இத்தனை வருஷம் கழித்தும் எனக்குக் கேட்கிறது.

அன்புசெல்வி வாடகை வீட்டுக்குக் குடிவந்து பால் காய்ச்சிய காலை அது. இரண்டாயிரத்து ஆறு, ஆவணி மாதம். அவிநாசி போகும் சாலையில், அட்டைக் கூரை போட்ட ஒற்றை அறை. அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு தடுப்புக்கூடக் கிடையாது.

அந்தக் குறையைத் தீர்த்தவள் அனுசுயா. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். பனியன் கம்பெனியில் அன்புசெல்வியோடு ஒரே மேசையில் செக்கிங் பார்த்தவள். கடையில் பரிசு வாங்க வசதியில்லை. வேஸ்ட் துணிக் கடையில் எடைக்குத் துணி வாங்கி, தன் பக்கத்து வீடான என் வீட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்து தைத்தாள். அறையை இரண்டாக்க ஒரு பெரிய திரை. சன்னலுக்குச் சின்னது ஒன்று. தலையணை உறைகள். மீந்த நறுக்குகளைப் பின்னி ஒரு மிதியடி.

"ஒரே ஊட்டுக்குள்ள ரெண்டு ரூம்பு வந்துருச்சு பாருங்க!" என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள் அன்புசெல்வி. ஏழு மாத வயிறு. "ஒரு ஒட்டுக்கூட இல்லாம முழுத் துணியா இருக்குதே அனு, எங்க புடிச்ச?"

"அது எதுக்கு ஒனக்கு? அந்தப் பக்கம் தொட்டிலக் கட்டு, இந்தப் பக்கம் ஒன் வீட்டுக்காரரக் கட்டு."

எல்லாரும் சிரித்தோம்.

அப்போதுதான் அன்புசெல்வியின் அப்பா பழனிமுத்து உள்ளே வந்தார். அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவர் அழைத்தார் என்று மேனேஜர் சுரேஷும் கூட வந்திருந்தார்.

மேனேஜர் பால் டம்ளரை வாங்கினார். குடிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இது நம்ம ஜெர்மன் ஆர்டர் ஸ்ட்ரைப் துணிதானுங்க?"

பழனிமுத்து சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார்.

"போன மாசம் ரோலு காணோம்னு தேடுனமே, அந்தத் துணியுங்க இது."

"வேஸ்ட்டுல வந்திருக்குமுங்க சார்," என்றாள் அன்புசெல்வி.

"வேஸ்ட்டுன்னா துண்டு துண்டாத்தான் வருமுங்க. இது ரோல்ல இருந்து அப்படியே உருவுனது. யாரு குடுத்தாங்க?"

எல்லார் கண்ணும் அனுசுயா மேல் திரும்பியது.

"நான்தான் சார். கடையில..." என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"எந்தக் கடை? வாங்க, இப்பவே போயிக் கேட்டுருவோம்."

அனுசுயா ஒருமுறை மாஸ்டரைப் பார்த்தாள். பிறகு அன்புசெல்வியைப் பார்த்தாள்.

"கடையில்ல சார். கம்பெனியில இருந்து நான்தான் எடுத்தேன்."

"கேட்டுல செக்கிங் இருக்குதே, எப்படிக் கொண்டுபோன?"

"சேலைக்குள்ள சுத்திட்டு வந்தேன்."

யாரோ ஒரு பெண் "ச்சீ" என்றாள். அனுசுயாவின் புருஷன் முனீஸ் ஏதோ சொல்ல வந்தான். அவள் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பழனிமுத்து எழுந்து வந்து திரையை ஒரே இழுப்பாக இழுத்தார்.

"எம் புள்ளைக்குக் கூடப் பொறந்தவளாட்ட ஊட்டுக்குள்ள உட்டனே! திருட்டுத் துணி மொகத்துலயா எம் பேரன் முழிக்கோணும்?"

அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கோபம் என்றுதான் நினைத்தோம்.

"நல்ல நாளு, உடுங்க மாஸ்டர். போலீசெல்லாம் வேண்டாம்," என்றார் மேனேஜர். அனுசுயாவின் பக்கம் திரும்பாமலே, "நாளைலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்" என்றார்.

வெட்கம் அந்தச் சின்ன அறையில் நிற்க இடமில்லாமல் எங்கள் எல்லார் தோளிலும் ஏறிக்கொண்டது.

அன்புசெல்வி சன்னல் திரையை அவிழ்த்தாள். உறைகளை, மிதியடியை எல்லாம் சேர்த்து வாசற்படியில் வைத்தாள்.

"இதையும் எடுத்துட்டுப் போயிருங்க."

அதுவரை அவள் அனுசுயாவை 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

அனுசுயாவும் முனீஸும் நானும் நடந்தே திரும்பினோம். மூட்டை அனுசுயாவின் இடுப்பில் இருந்தது. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் அதையே பார்ப்பதுபோல் எனக்குக் கூசியது.

முனீஸ் பொறுக்கமாட்டாமல் நடுவழியில் நின்றுவிட்டான்.

"ஏ புள்ள, கடைக்காரர் எடை போடும்போது நானுந்தான பக்கத்துல நின்னேன். எடுக்காத துணிய எடுத்தேன்னுட்டு வாரியே, கிறுக்கா ஒனக்கு?"

"இது யாரு கொண்டாந்து போட்டதுன்னு நான் கேட்டப்போ, கடைக்காரர் என்ன சொன்னாரு?"

"என்ன சொன்னாரு?"

"'ஒங்க பழனிமுத்து மாஸ்டர்தாம்மா போட்டுட்டுப் போனாரு'ன்னாரு. கம்பெனியே விக்கச் சொல்லியிருக்கும்னுல்ல நான் நெனச்சேன்."

முனீஸ் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான்.

"சார் கடைக்கே போவோம்னாரு. போனா அந்தப் பேரு வந்துரும். அவ புள்ளத்தாச்சிய்யா. பெத்த அப்பன் திருடன்னு ஊரு கூடி நிக்கிற எடத்துலயா கேக்கணும்?"

அவள் மூட்டையை இடுப்பு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஐப்பசியில் அன்புசெல்விக்கு ஆண் குழந்தை பிறந்தது. தொட்டில் போடுவதற்கு எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். அனுசுயாவுக்குச் சொல்லவில்லை. அதற்குள் அவள் வெள்ளகோவில் பக்கம் ஒரு நூல் மில்லில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.